பள்ளியில் பின்தங்கிய ஒருவர் நாற்பது வயதுக்குப் பிறகு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நொய்யல்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்தொன்று. கோவையில் ஒரு மின் ஒப்பந்ததாரரிடம் ஒயரிங் வேலை பார்க்கிறேன். 2002இல் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்திலும் இயற்பியலிலும் தேர்ச்சி பெறவில்லை. அப்போது 200க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. கணிதத்தில் எனக்கு வந்தது 48. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மறுதேர்வு என்ற ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்த ஆசிரியர்களும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த மாதமே சித்தப்பா ஒரு சைட்டில் உதவியாளாகச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து இதே தொழில்தான்.

வருமானம் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. வேலையும் தெரியும். சில மாதங்களுக்கு முன் கோவையின் கணபதி பகுதியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில், மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளுக்குப் பிரித்துத் தரும் டிபி பாக்ஸைத் திறந்து பார்த்தபோது நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியின் முனையம் மட்டும் சூடேறிப் பழுப்பாகியிருந்தது. மின்சாரம் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்றில் மட்டும் லோடு முழுவதையும் ஏற்றியிருந்தார்கள் என்பது பார்த்ததுமே புரிந்தது. சர்க்யூட்டுகளைப் பிரித்து மூன்றுக்கும் சமமாக்கி, முனையத்தை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று அறிக்கையாக எழுதித் தரச் சொன்னபோது என்னால் நான்கு வரிகூட எழுத முடியவில்லை. டிப்ளமோ முடித்து வந்திருந்த ஓர் இளைஞர் நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல பிள்ளை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மின்னோட்டவியல் பாடத்தில் சந்தேகம் கேட்கும்போதும் இதே நிலைதான். கை செய்வதை வாய் சொல்ல மறுக்கிறது. இடையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன், அரசுத் தேர்வுக்கான புத்தகங்கள் வாங்கினேன், கணினிப் பயிற்சிக்குப் பணம் கட்டினேன், எதுவும் நிலைக்கவில்லை. முதல் சில வாரங்கள் இருக்கும் ஊக்கம் பிறகு எங்கே போகிறது என்று தெரியவில்லை. என்னிடம் ஊக்கம் இல்லையா, அல்லது போக வேண்டிய திசை தெரியவில்லையா என்பதுதான் என் கேள்வி. இந்த வயதில் எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு உண்மையிலேயே பயன் தரும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பொருநை

தம்பி, நான் திருநெல்வேலி மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். உங்களைப் போன்ற பல பிள்ளைகளை வகுப்பின் கடைசி வரிசையில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு அறிவு குறைவாக இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் பின்னங்களையும் இயற்கணிதத்தையும் யாரும் நிதானமாகச் சொல்லித் தராமல் விட்டுவிட, அந்த ஓட்டையோடு பதினொன்றாம் வகுப்பில் வகைநுண்கணிதத்துக்கு வந்து நிற்பார்கள். அங்கே எதுவும் புரியாது. புரியாதவன் சோம்பேறி என்று பெயர் வாங்குவான். சில ஆண்டுகளில் அவனே அதை நம்பத் தொடங்கிவிடுவான். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு, மறுதேர்வு உண்டு என்று சொல்வதற்குக்கூட ஆள் இருக்காது. 48 மதிப்பெண் என்பது அந்த ஆண்டில் உங்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது, எவ்வளவு துணை கிடைத்தது என்பதன் கணக்கு. உங்கள் மூளையின் அளவாக அதை இத்தனை ஆண்டுகள் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்து, நீங்கள் எழுதியதிலேயே இருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஆங்கில வகுப்பும் கணினிப் பயிற்சியும் அரசுத் தேர்வும் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த மூன்றைப் பற்றியும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, பழுப்பேறிய ஒரு முனையத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறீர்கள். எந்த வேலை தவறாகச் செய்யப்பட்டிருந்தால் உங்களால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையோ, உங்கள் திசை அங்கேதான் இருக்கிறது. மற்றவை ஊரும் உறவும் சொன்னதற்காக எடுத்தவை என்று ஊகிக்கிறேன். அவற்றில் ஊக்கம் வற்றியதில் வியப்பில்லை.

உங்கள் மகளின் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 2000 வாட் கீசரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்ட நீங்கள் ஒருபோதும் சம்மதிக்க மாட்டீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட் வைத்து, தனி ஒயர் இழுப்பீர்கள். ஏன்? திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 2000ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை வரும் என்பதே ஓம் விதி, 230ஐ 8.7ஆல் வகுத்தால் அந்தக் கீசர் சுருளின் மின்தடை சுமார் 26 ஓம். பத்தாம் வகுப்புப் பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது, அதை நீங்கள் பல ஆண்டுகளாகக் கையால் செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இல்லாதது அதை எழுதும் பழக்கம் மட்டுமே. தொழிற்கூடத்து நியூட்ரலையும் இதே போல எழுதலாம்: மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் மூன்று மின்னோட்டங்களும் நியூட்ரலில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும், சமமில்லாதபோது மிச்சம் நியூட்ரல் வழியே போகும், இணைப்பு சற்றுத் தளர்வாகவும் இருந்தால் அந்த இடம் சூடேறும். அந்த இளைஞர் எழுதிய அறிக்கையில் இதைவிட அதிகமாக எதுவும் இருந்திருக்காது.

எனவே என் யோசனை சிறியது. மகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டவியல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு நோட்டில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைப் பாருங்கள். நம் ஊரில் படிப்பு என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்து ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பள்ளியில் உங்களைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்லித் தந்திருந்தால் எவ்வளவோ பேர் மாறியிருப்பார்கள் என்று இப்போதும் எனக்கு ஆதங்கம் உண்டு.

இன்னொன்று. எழுத்து கலங்கித் தெரிகிறதா, வாசிக்கும்போது வரி தாண்டிப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். நாற்பதுக்கு மேல் அருகில் இருப்பதை வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுவது இயல்பு. அதைப் படிப்பில் நாட்டமில்லை என்று தவறாக எண்ணிக்கொண்டவர்களை நான் அறிவேன்.

பதில்: மேட்டுப்பாளையம் சாலை

வணக்கம் அண்ணா. நானும் உதவியாளாகத் தொடங்கி இப்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராக இருக்கிறேன். அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் சொல்ல வருவது, உங்கள் கையில் இருக்கும் அனுபவத்துக்கு அரசு தரும் ஒரு சான்று பற்றி.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் (ஒயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்ற ஒன்றை நடத்துகிறது. ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும், விண்ணப்பிக்கும் நாளில் 21 வயது நிறைவும் கேட்பார்கள். மேல் வயது வரம்பு கிடையாது, ஆகவே உங்கள் நாற்பத்தொன்று அங்கே ஒரு பொருட்டே இல்லை. அறிவிப்பு வந்ததும் அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரித்து, மற்ற நிபந்தனைகளையும் கட்டணத்தையும் அந்த ஆண்டின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்திலேயே சேர்ந்து படிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அரசு நிலையங்களில் ஆண்களுக்கு 40 வயது வரைதான் சேர்க்கை, பெண்களுக்கு அந்த வரம்பு இல்லை. அந்த வழி உங்களுக்கு மூடிவிட்டது என்று வருந்த வேண்டாம், நீங்கள் அங்கே கற்க வேண்டிய செய்முறையில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

இந்தச் சான்று வெறும் அலங்காரம் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளின்படி, மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று உள்ளவர்தான் மேற்பார்வையிட வேண்டும். கட்டடங்கள் உயர உயர, கூரைகளில் சூரிய மின்தகடுகள் வர வர, கையெழுத்திடத் தகுதியுள்ள ஆள் யார் என்ற கேள்வி ஒவ்வொரு சைட்டிலும் எழுகிறது. செய்யும் வேலை சுத்தமாக இருந்தும் காகிதம் இல்லாததால் ஒதுங்கி நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தேர்வுக்கு எப்படித் தயாராவது என்றால், எர்த்திங் ஏன் போடுகிறோம், மெக்கர் என்ற கருவியை வைத்து ஒயரின் இன்சுலேஷனைச் (மின்காப்பை) சோதிக்கும்போது எந்த இணைப்பையெல்லாம் கழற்ற வேண்டும், எம்சிபி, ஆர்சிசிபி என்ற இரு வகைத் தானியங்கித் துண்டிப்பான்களும் எதில் வேறுபடுகின்றன என்பன போன்ற கேள்விகளுக்கு வாயால் விடை சொல்லிப் பழகுங்கள். சைட்டில் மதிய உணவு நேரத்தில் உடன் வேலை செய்யும் பையனுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். அவன் திருப்பிக் கேட்கும் கேள்வியில் தடுமாறினால் அன்றிரவு நீங்கள் படிக்க வேண்டியது அதுதான். எனக்குத் தனியாக உட்கார்ந்து படிக்க வரவே வராது. சொல்லிக் கொடுத்துத்தான் நான் கற்றேன்.

பதில்: கரிசல்

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆயினும் ஓரிடத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். தொழிற்சான்று கிடைத்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புத் தோல்வி மனத்தைவிட்டுப் போய்விடும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குப் பொருந்தவில்லை. நான் முப்பதுகளின் பிற்பகுதியில் மேல்நிலைத் தேர்வு எழுதித் தேறினேன், பிறகு அஞ்சல் வழியில் இளங்கலை முடித்தேன். சம்பளத்தில் அதனால் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஒரு விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனா தயங்குவது நின்றது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்கும் அந்த உறுத்தல் இருக்குமானால் அதைச் சிறிதாக எண்ணாதீர்கள்.

வழிகள் இரண்டு. ஒன்று, மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதுவது. நீங்கள் எழுதிய காலத்துப் பாடத்திட்டம் இப்போது இல்லை, 1200 மதிப்பெண் முறையும் 600 ஆகிவிட்டது. ஆகவே உங்கள் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் சென்று, எந்தெந்தத் தேர்வை எழுத வேண்டியிருக்கும் என்று கேட்டுவிடுங்கள். மற்றொன்று, 1989இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகள் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு, ஒரு பருவத்தில் ஒரே ஒரு பாடத்தை மட்டும்கூட எழுதலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரும் நிம்மதி. மாநில அரசுப் பணிக்கு அந்தச் சான்றைப் பயன்படுத்தும் எண்ணமிருந்தால், சேர்வதற்கு முன்பே அதன் இணைத்தன்மை பற்றி, அதாவது மாநில வாரியச் சான்றுக்கு அது ஈடாக ஏற்கப்படுமா என்று, எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பே தேவையில்லை, நேரடியாகப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் சேர்ந்துவிடாதீர்கள். அடிப்படைப் படிப்பைத் தாண்டிக் குதித்துப் பெற்ற திறந்தநிலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழக அரசும், பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று ஆணையிட்டது. இந்த வரிசை தெரியாமல் பணத்தையும் ஆண்டுகளையும் இழந்தவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் என் நண்பர்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அரசுத் தேர்வுப் புத்தகங்கள் வாங்கியதாகச் சொன்னீர்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றாலும், அந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலான பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வயதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினர் பத்தாம் வகுப்புக்கு மேலான பொதுக் கல்வித் தகுதி பெற்றிருந்தால் அந்த வயது உச்சவரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது. உங்களுக்கு அந்த வேலையில் விருப்பம் உண்டா என்பது வேறு கேள்வி, அதற்கு நீங்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

வயது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படிப்பை விட்டுப் பெரும் புகழ் அடைந்தவர்களின் பட்டியலை யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். அது எனக்கு ஒருபோதும் உதவியதில்லை, அவர்கள் நம்மைப் போன்றவர்கள் இல்லை. எனக்கு உதவியது கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாவின் செய்தி. 2018இல் தம் 96ஆம் வயதில் மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். அவர் வீட்டில் முதலில் புத்தகத்தை எடுத்தவர், அறுபது வயதில் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதிய அவர் மகள். தாய் அதைப் பார்த்துத்தான் படிக்க வந்தார். உங்கள் வீட்டிலும் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே மேசையில் இருவரும் உட்கார்ந்தால், நாளைக்குப் படிக்கலாம் என்ற எண்ணம் தானாகவே குறையும். எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் நான் பக்கத்து ஊர் நூலகத்துக்குச் சைக்கிளில் போய்ப் படித்தேன்.

நொய்யல் (கேட்டவர்)

அம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கீசர் கணக்கை மகளிடம் போட்டுக் காட்டினேன். அவள் உடனே எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் எழுதியிருந்த வாட் எண்ணைப் பார்த்து அதற்கும் மின்னோட்டம் கணக்கிட்டாள். நான் மூடி வைத்து எழுதும் முறையைத் தொடங்கியிருக்கிறேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. முதலில் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு, அது முடிந்த பின் மேல்நிலைத் தேர்வு என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். அரசுப் பணி என் விருப்பமில்லை என்பது கரிசல் அண்ணாவின் கேள்வியைப் படித்தபோது எனக்கே தெளிவானது.

ஒரு தடை மட்டும் இருக்கிறது. அனுபவச் சான்று கேட்டபோது என் முதலாளி தயங்குகிறார். சான்று வாங்கியதும் நான் தனியாகத் தொழில் தொடங்கிப் போய்விடுவேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் சோறு போட்டவரிடம் சண்டை போட எனக்கு மனமில்லை.

பதில்: மேட்டுப்பாளையம் சாலை

அண்ணா, சண்டை தேவையில்லை. ஒப்பந்ததாரர் உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ளத் தகுதிச் சான்று உள்ள பணியாளர்களைக் காட்ட வேண்டும் என்பது அவருக்கே தெரியும். வெளியாளைத் தேடுவதைவிடத் தம்மிடமே இருக்கும் ஒருவர் சான்று பெறுவது அவருக்கு வசதி. இதை அவரிடம் தனியாக, மாலை வேலை முடிந்த பிறகு, பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். எப்போது சேர்ந்தீர்கள், எந்தெந்த வகை வேலைகள் செய்தீர்கள் என்று ஒரு தாளில் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். கையெழுத்திடுவதற்கு மட்டும் என்றால் பலர் மறுக்க மாட்டார்கள், எழுத வேண்டியிருப்பதற்குத்தான் தள்ளிப்போடுவார்கள். அப்படியும் அவர் சம்மதிக்காவிட்டால், நீங்கள் முன்பு யாரிடமாவது வேலை பார்த்திருந்து அவரும் உரிமம் பெற்றவர் என்றால் அவரிடம் அந்தக் காலத்துக்குச் சான்று கேட்கலாம்; 5 ஆண்டுகள் தேறினால் போதும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், விண்ணப்பத்துக்குத் தரும் அவகாசம் குறைவாகவே இருக்கும்.

பதில்: பொருநை

தம்பி, அந்தத் தாளை எழுதியதும் இங்கே பதிவிடுங்கள். சொற்பிழை, வாக்கியப் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன். மெக்கர் சோதனை பற்றி எழுதும்போது மின் விநியோகத்தைத் துண்டித்ததை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்; செய்முறைத் தேர்வில் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.